ஏஎம்எச் 0.8 என்றால் டோனர் முட்டைதான் வழியா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை வாசகி. ஜூன் 9, 2024

அக்கா, எனக்கு 31 வயது. கல்யாணமாகி நாலு வருஷம். கோயம்புத்தூரில் ஒரு சென்டரில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஏஎம்எச் 0.8 வந்திருக்கிறது. "முட்டை தீர்ந்துபோச்சு, வேற பொண்ணு தர்ற டோனர் முட்டைக்குப் போயிடுங்க, இந்த மாசமே பணம் கட்டினா பேக்கேஜில் சலுகை" என்றார்கள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஹார்மோன் இப்படி இருந்தால் ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப் பேபி சிகிச்சை) செய்தாலும் நிற்காதா?

ஜூன் 9, இரவு

நிற்குமா நிற்காதா என்று ஏஎம்எச் சொல்லாது. ஊசி போட்டால் சுமாராக எத்தனை முட்டை வரும் என்று மட்டும் சொல்லும். சினைப்பையில் முட்டை இருக்கிற சின்னச் சின்ன நுண்குமிழ்கள் சுரப்பது அந்த ஹார்மோன். குமிழ் குறைவென்றால் ஹார்மோனும் குறைவு, அவ்வளவுதான். நம்ம பக்கத்துக் கணக்கில் சொன்னால், களத்தில் எத்தனை தேங்காய் கிடக்கிறது என்று எண்ணிச் சொல்கிற ஆள் ஏஎம்எச். எது முளைக்கும் என்று அவனைக் கேட்டுப் பிரயோஜனமில்லை.

முளைக்கிற விஷயம் பெரும்பாலும் வயதைப் பொறுத்தது. 35க்குக் கீழே உருவாகும் கருக்களில் சுமார் மூன்றில் ஒன்றில் குரோமோசோம் கோளாறு இருக்கும். 42 வயதில் நான்கில் மூன்றுக்கு அந்தக் கோளாறு. உனக்கு 31. 0.8 இருக்கிற 31ம், 2.5 இருக்கிற 42ம் ஒரே வரிசையில் நின்றால் டாக்டர் யாரைப் பார்த்து நிம்மதிப்படுவார் என்று யோசி அம்மிணி.

2017இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. 30 முதல் 44 வயது வரை, குழந்தைக்கு அப்போதுதான் முயற்சி ஆரம்பித்த 750 பெண்கள். ஏஎம்எச் குறைந்தவர்களுக்கும் சரியாக இருந்தவர்களுக்கும் இயற்கையாகக் கருத்தரிப்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் யாரும் குழந்தையில்லாமல் சிகிச்சைக்கு வந்தவர்கள் இல்லை, அதனால் உன் கேள்விக்கு அது முழுப் பதில் ஆகாது. ஆனால் "முட்டை தீர்ந்துபோச்சு" என்று 31 வயதுப் பெண்ணிடம் சொல்வதற்கு அந்த நம்பர் போதாது என்பதற்கு அது போதும்.

பணம் கட்டிவிடாதே. சலுகை எங்கேயும் ஓடிப் போகாது.

ஜூன் 10, காலை

ரிப்போர்ட்டில் நம்பருக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது? நானோகிராமா, பிகோமோலா? ஒரு நானோகிராம் என்பது 7.14 பிகோமோல். பிகோமோலில் 14 என்று வந்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து ஓடிவந்தவர்கள் உண்டு. நானோகிராமில் அது வெறும் இரண்டுதான். உனக்கு நேரெதிராக 0.8 பிகோமோல் என்றிருந்தால் பேச்சே வேறு. பார்த்துச் சொல்.

இன்னொன்று, கருத்தடை மாத்திரை ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தாயா? அதுவும் ஏஎம்எச்சைக் கொஞ்ச நாளைக்கு இறக்கிக் காட்டும்.

ஜூன் 12

சரி, நானோகிராம்தான் என்கிறாள். மாத்திரை இல்லை. ஆனால் முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். அதை லேபில் யாரும் கேட்கவில்லை.

பாலக்காட்டில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலையில் பல வருஷம் இருந்தவள் நான். எங்களிடம் கேட்கச் சொன்னதெல்லாம் "சாப்பிட்டீங்களா" மட்டும்தான். சில மெஷின்கள் பயோட்டினைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்யும். ரத்தத்தில் பயோட்டின் நிறைய இருந்தால் ஏஎம்எச், தைராய்டுக்குப் பார்க்கிற டிஎஸ்எச் போன்றவை உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். எஸ்ட்ராடயால் (ஈஸ்ட்ரோஜன்தான்), ப்ரோஜெஸ்டிரான் போன்ற பெண் ஹார்மோன்கள் கூடுதலாகக் காட்டும். எல்லா மெஷினும் அப்படியில்லை. புதிதாக வந்தவை பரவாயில்லை. ஆனாலும் முடி மாத்திரையைச் சில நாள் நிறுத்திவிட்டுத் திரும்ப ஒரு முறை எடுப்பதில் நஷ்டமில்லை.

அப்புறம், வீட்டுக்காரருக்கு ஒரு டெஸ்டும் எடுக்கவில்லையாம். நாலு வருஷம்! பெண்ணின் ரத்தத்தை ஆறு குப்பியில் எடுத்தாயிற்று, ஆளை இன்னும் கேட்கவே இல்லை. இதைப் படிக்கிற மாமியார்மார் யாராவது இருந்தால், கோபித்துக்கொள்ளாமல் அடுத்த குறிப்புக்குப் போகவும்.

ஜூன் 15

வேலந்தாவளத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "மனைவிக்கு எஃப்எஸ்எச் 14 இருந்தது. மாத்திரை கொடுத்து 7க்கு இறக்கினார்கள். இப்போது ஐவிஎஃப் நன்றாக வருமாம்."

அண்ணா, இறங்கியது நம்பர். சினைப்பை இருந்த இடத்திலேயே இருக்கிறது. எஃப்எஸ்எச் என்பது முட்டையை வளர்க்கச் சொல்லி மூளைக்கடியில் இருக்கிற பிட்யூட்டரியிலிருந்து வருகிற ஹார்மோன். சினைப்பை சரியாகப் பதில் தராதபோது பிட்யூட்டரி இன்னும் அதிகமாகச் சுரக்கும். ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் அது குறைந்துவிடும். அதனால்தான் மாதவிலக்கின் இரண்டாம் மூன்றாம் நாளில் எஃப்எஸ்எச் பார்க்கும்போது எஸ்ட்ராடயாலையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். எஸ்ட்ராடயால் கூடியிருந்தால் எஃப்எஸ்எச் 7 என்று வந்தாலும் அதை நம்ப முடியாது.

மாதவிலக்கு நின்றுபோன பாட்டிமாருக்கு எஃப்எஸ்எச் எகிறிக் கிடக்கும், காரணம் இதேதான். அவர்கள் சிறுநீரில் அது வழிந்து போகும். 1950களில் இத்தாலியில் அதைப் பிரித்து மருந்தாக்கினார்கள். வயதான பெண்கள் ஒரே இடத்தில் நிறையப் பேர் வேண்டுமே, எங்கே போவது? கன்னியாஸ்திரீ மடங்களுக்குப் போனார்கள். அந்த மருந்தில் கருத்தரித்து முதல் குழந்தை 1962இல் இஸ்ரேலில் பிறந்தது. எச்எம்ஜி என்று இன்றைக்கும் எழுதித் தருகிற ஊசி அந்த வம்சம்தான்.

ஜூன் 16

"அக்கா, எங்க அத்தை சுத்த சைவம், இந்த ஊசி சமாச்சாரத்தை அவங்ககிட்ட எப்படிச் சொல்ல?" என்று ஒருத்தி. ஏன் சொல்ல வேண்டும்? சத்து ஊசி என்று சொல்.

ஜூன் 23

கொழிஞ்சாம்பாறைக்காரி திரும்ப எடுத்தாள். 1.0. கூடவே ஸ்கேனில் இரண்டு பக்கமும் சேர்த்து ஏழு நுண்குமிழ். "கூடிடுச்சு அக்கா" என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாள். சந்தோஷப்படட்டும், ஆனால் 0.8ம் 1.0ம் ஒன்றுதான். ஒரே ஆளுக்கு இரண்டு முறை எடுத்தால் அந்த அளவு முன்னே பின்னே வரும். ஸ்கேனும் ரத்தமும் ஒரே கதையைச் சொல்கின்றன, முட்டை குறைவாக வரும். உண்மையில் எனக்கு நிம்மதி தந்தது அந்த ஒற்றுமைதான்.

குறைவு என்பது எனக்குப் புதிதில்லை. எனக்கும் ஒன்றுக்குக் கீழேதான் இருந்தது. என் நாத்தனாருக்கு நேர்மாறு, பிசிஓஎஸ் (சினைப்பை நிறைய நுண்குமிழ், முட்டை ஒழுங்காக வெடிக்காது), ஏஎம்எச் பத்தைத் தாண்டி. ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டில் அவளைத்தான் எல்லோரும் வாழ்த்தினார்கள், என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். ஊசி ஆரம்பித்த பிறகு அவளுக்கு முட்டை குவிந்தது, எஸ்ட்ராடயால் ஏறிப்போய், வயிறு நீர் கோத்து, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். ஏஎம்எச் மிக அதிகமாக இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு. அதற்குத்தான் இப்போது ஊசி அளவைக் குறைத்து, முட்டையை முதிரவைக்கிற கடைசி ஊசியை எச்சிஜி என்ற ஹார்மோனுக்குப் பதில் வேறு மருந்தாக மாற்றி, கருவை அந்த மாசமே வைக்காமல் உறையவைக்கிறார்கள். அன்றைக்கு அவளுக்கு அதெல்லாம் செய்யவில்லை.

பிசிஓஎஸ் உள்ளவர்கள் எடுத்ததும் ஐவிஎஃப் என்று போகத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். லெட்ரோசோல் மாத்திரையிலேயே நிறையப் பேருக்கு முட்டை வெடிக்கும். 2014இல் அமெரிக்க ஆய்வில் லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, பழைய க்ளோமிஃபினில் 19.1. வேடிக்கை என்னவென்றால், 2011இலேயே நம் நாட்டில் லெட்ரோசோலை இதற்குக் கொடுக்கக் கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். பல வருஷம் கழித்துத்தான் எடுத்தார்கள்.

ஜூலை 2

பால் சுரக்கவைக்கிற ஹார்மோனான புரோலாக்டின் கூடியிருக்கிறது என்று மூன்று பேர் ஒரே வாரத்தில் எழுதியிருக்கிறீர்கள். மூன்று பேரிடமும் ஒரே கேள்வி: வயிற்றெரிச்சலுக்கு என்ன கேப்ஸ்யூல் சாப்பிடுகிறீர்கள்? பான்டாப்ரசோலோடு டாம்பெரிடோன் சேர்ந்தது என்றால் புரோலாக்டின் ஏறத்தான் செய்யும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமலே வாங்கித் தின்கிற மருந்து அது, யாரும் அதை மருந்தாகவே சொல்வதில்லை. டாக்டரிடம் சொல்லி நிறுத்திவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

பதற்றத்திலும் ஏறும். மீனாட்சிபுரத்திலிருந்து வரும் ஒரு பெண், பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, மாடிப்படி ஏறி, வியர்வை வழிய என் முன்னால் கையை நீட்டினாள். நாற்காலியில் உட்கார வைத்து, மோர் வாங்கிக் கொடுத்து, அரை மணி கழித்து எடுக்கலாம் என்றேன். வரிசையில் ஆள் நிற்கிறது, எடு என்று உள்ளேயிருந்து சத்தம். எடுத்தேன், கூடுதலாக வந்தது. அதை இறக்க மாசக்கணக்கில் கேபர்கோலின் மாத்திரை சாப்பிட்டாள். வேறிடத்தில், உட்கார்ந்து இளைப்பாறிய பிறகு எடுத்ததில் சாதாரணம்.

தைராய்டு பற்றியும் கேட்டிருந்தீர்கள். சிகிச்சைக்கு முன் டிஎஸ்எச் 2.5க்குக் கீழே வேண்டும் என்று பல டாக்டர்கள் பார்க்கிறார்கள். கூடியிருந்தால் சரிசெய்ய வேண்டியதுதான். ஆனால் தைராய்டு அளவு சரியாக இருந்து, தைராய்டைத் தாக்கும் ஆன்டிபாடி மட்டும் ரத்தத்தில் இருப்பவர்களுக்கு மாத்திரை கொடுத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறதா என்று இங்கிலாந்தில் பெரிதாகச் செய்து பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். கூடவில்லை.

ஜூலை 18

ஆடி பிறந்தாயிற்று, மலையாளக் கணக்கில் கர்க்கடகம். கொழிஞ்சாம்பாறைக்காரி புது டாக்டரைப் பார்த்துவிட்டாள். அவர் சொந்த முட்டையிலேயே முயலலாம் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் அத்தை "ஆடியில் ஊசி ஆரம்பிக்கக் கூடாது" என்கிறாராம். 31 வயதில் ஒரு மாசம் தள்ளினால் ஒன்றும் குடி முழுகாது. அத்தையோடு சண்டை போட்டு ரத்த அழுத்தம் ஏற்றிக்கொள்வதைவிட மேல். இதே கேள்வியை 41 வயதுக்காரி கேட்டிருந்தால் அத்தையிடம் நானே போன் போட்டுப் பேசியிருப்பேன்.

கர்க்கடகக் கஞ்சி குடிக்கலாம். லேகியம், கஷாயம் எடுத்தால் மட்டும் என்னென்ன என்று டாக்டரிடம் எழுதிக் காட்டு.

ஜூலை 21

ஒருவழியாக வீட்டுக்காரர் டெஸ்ட் எடுத்தார். எண்ணிக்கை குறைவு, ஓட்டம் சுமார். ஐவிஎஃப்பில் சமாளிக்கிற அளவுதான். ஆனால் இதை முதலில் பார்த்திருந்தால் "உன் முட்டை தீர்ந்துபோச்சு" என்ற வசனத்தைப் பாதியாவது குறைத்திருப்பார்கள்.

இதைப் பார்த்துவிட்டுச் சித்தூரிலிருந்து ஒரு தம்பி தனியாகக் கேட்டது, பேர் சொல்லாமல் எழுதுகிறேன். ஜிம்மில் யாரோ சொல்லி டெஸ்டோஸ்டிரான் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். ஆண் ஹார்மோன்தானே, விந்தணு அதிகமாகாதா என்கிறார். ஆகாது தம்பி, சுத்தமாக நின்றே போகலாம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரான் வந்தால் பிட்யூட்டரி தான் சுரக்கிற எஃப்எஸ்எச், எல்எச் என்ற இரண்டு ஹார்மோன்களையும் நிறுத்திவிடும். அவை இல்லாமல் விந்தணு உருவாகாது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பும், ஆனால் ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாசம்போல ஆகும். மொத்தமாகச் சரியாக ஆறு மாசம், வருஷம்கூட ஆகலாம். களைப்பு என்று டாக்டரே எழுதிக் கொடுத்த டெஸ்டோஸ்டிரானுக்கும் இதே கதைதான், குழந்தைக்கு முயல்வதை அவரிடம் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 20

ஆவணி பிறந்ததும் ஊசி ஆரம்பித்துவிட்டாள். கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து மருந்தை எப்படிக் கொண்டுவருவது?

ஐஸ் பேக்கோடு தருவார்கள். மருந்துப் பெட்டி ஐஸில் நேரடியாக ஒட்டாமல் நடுவே ஒரு துண்டுத் துணி வை. உறைந்துபோனாலும் மருந்து கெட்டுவிடும். பஸ்ஸில் இன்ஜின் பக்கத்து சீட் வேண்டாம். வீட்டில் ஃப்ரீசரில் வைக்காதே, கதவில் வைக்காதே, நடுத்தட்டு. கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காமலிருந்தாலே பாதிக் காப்பாற்றின மாதிரி.

எச்எம்ஜி பொடியாக வரும். தண்ணீர் ஆம்பூலின் கழுத்தில் புள்ளி இருக்கும், அந்தப் பக்கம் உன்னைப் பார்த்திருக்கும்படி பிடித்து, துணி சுற்றி, வெளிப்பக்கமாக ஒடி. தண்ணீரைப் பொடியில் விட்டுக் குலுக்காமல் மெல்ல உருட்டு. இரண்டு குப்பி போடச் சொல்லியிருந்தால் கரைத்த அதே நீரை உறிஞ்சி இரண்டாவது பொடியில் விடு, ஒரே ஊசியில் முடியும். தொப்புளுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி, சதையைப் பிடித்துப் போடு. எரியும். மெதுவாக அழுத்தினால் குறைவாக எரியும்.

ஆகஸ்ட் 27

"நாலு குமிழ்தான் வளர்கிறது, ஊசியைக் கூட்டச் சொல்லலாமா" என்கிறாள். ஏழில் நாலு வளர்வது நல்ல கணக்கு. இல்லாத குமிழை ஊசி உண்டாக்காது. ஒரு அளவுக்கு மேல் ஏற்றினால் மருந்துக் கடைக்குத்தான் லாபம்.

இதோடு டிஎச்இஏ என்ற ஹார்மோன் மாத்திரை பற்றி வந்த கேள்விகளையும் முடித்துவிடலாம். முட்டை குறைந்தவர்களுக்கெல்லாம் எழுதித் தருகிறார்கள். குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. முகப்பருவும் மீசையும் வரலாம். சிநேகிதிக்குக் கொடுத்தார்கள் என்று நீயாக வாங்கிச் சாப்பிடாதே.

ஆகஸ்ட் 29

கடைசி ஊசிக்கு முன் ப்ரோஜெஸ்டிரான் பார்த்தார்களா என்று கேட்கச் சொன்னேன். பார்த்திருக்கிறார்கள், 0.7. நல்லது.

எனக்கு அது ஏறிவிட்டது. முட்டை எடுக்கும் முன்பே ப்ரோஜெஸ்டிரான் 1.5ஐத் தாண்டினால் கருப்பையின் உள்சுவர் முன்கூட்டியே பக்குவப்பட்டுவிடும். கரு வந்து சேரும்போது நேரம் கடந்திருக்கும். முட்டைக்கும் கருவுக்கும் அதனால் பெரிய பங்கமில்லை. எனவே அந்த மாசம் வைக்காமல் உறையவைத்து, அடுத்த சுழற்சியில் வைப்பார்கள். எனக்கும் அப்படித்தான். ஒன்றும் வைக்காமல் வெறும் வயிற்றோடு வீட்டுக்கு வந்தேன். "ஐஸ்ல வெச்ச குழந்தையா?" என்று பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டதற்கு, மில்மா பால் மாதிரிதான், தேதி பார்த்து எடுத்துக்கலாம் என்றேன். அன்றைக்கு அழுகைதான் வந்தது. இப்போது அந்த ஐஸ் குழந்தை சைக்கிளில் என் கோழிகளைத் துரத்துகிறது.

ஆகஸ்ட் 30

நேற்றுப் படுத்த பிறகு தோன்றியது. மேலே எழுதியதைப் படித்துவிட்டு எல்லோரும் "எனக்கும் உறையவையுங்கள்" என்று கேட்கப் போகிறீர்கள். பிசிஓஎஸ் பெண்களிடம் 2016இல் சீனாவில் செய்த ஆய்வில் உறையவைத்து வைத்தவர்களுக்குக் குழந்தை பிறந்தது கூடுதல்தான், 49 சதவீதம்; உறையவைக்காமல் உடனே வைத்தவர்களுக்கு 42. ஆனால் சாதாரணமாக முட்டை வெடிக்கிற பெண்களிடம் பின்னால் செய்தபோது அந்த வித்தியாசம் காணோம். ப்ரோஜெஸ்டிரான் 0.7 இருக்கிற, நாலு முட்டைக்காரிக்கு அவசியமில்லை.

உறையவைத்த கருவுக்காக மாத்திரையிலேயே உள்சுவரை வளர்ப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவும். அந்தச் சுழற்சியில் உங்கள் உடம்பு ப்ரோஜெஸ்டிரான் சுரப்பதில்லை, வெளியிலிருந்து வருவதுதான் முழுக்க. பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் மாத்திரையில் ரத்த அளவு 10க்குக் கீழே இருந்தவர்களுக்குப் பலன் குறைவாக இருந்தது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கும் பார்த்துவிட்டு எண்ணெய் ஊசி சேர்த்தார்கள். குப்பியைக் கொஞ்ச நேரம் கைக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டுப் போட்டால் வலி குறையும், இடுப்பில் கட்டி கட்டியாக நிற்பதற்கு வெந்நீர் ஒத்தடம்.

செப்டம்பர் 8

நாலு முட்டை, இரண்டு கரு. ஒன்று உள்ளே, ஒன்று உறைநிலையில். மூன்றாம் நாளே வீட்டில் கிட் போட்டுப் பார்த்து மங்கலாகக் கோடு என்று போட்டோ அனுப்பியிருக்கிறாள்! அம்மிணி, அது கடைசியாகப் போட்ட எச்சிஜி ஊசி. கிட் தேடுவதும் அதே எச்சிஜியைத்தான். பத்து நாள், சிலருக்கு இரண்டு வாரம்கூட உடம்பில் தங்கும். கிட்டை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அத்தையிடம் கொடு.

செப்டம்பர் 17

பீட்டா, அதாவது கர்ப்பம் நின்றதா என்று பார்க்கிற ரத்தப் பரிசோதனை, நெகட்டிவ். "ஏஎம்எச்தானே காரணம் அக்கா" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாள்.

இல்லை. நாலு முட்டை கைக்கு வந்த அன்றே ஏஎம்எச்சின் வேலை முடிந்தது. அது குறைத்தது உன் கையிருப்பை. பத்து முட்டைக்காரிக்கு நாலைந்து வாய்ப்பு, உனக்கு இரண்டு. அந்த இரண்டில் ஒன்று போயிருக்கிறது. 31 வயதிலும் முதல் முறை நிற்காமல் போவது, நிற்பதைவிட அதிகமாகவே நடக்கிறது.

பழைய சென்டரிலிருந்து திரும்ப போன் செய்து டோனர் பேச்சு எடுத்தார்களாமே. 2021 சட்டப்படி முட்டை தருகிற பெண் 23க்கும் 35க்கும் இடைப்பட்டவளாக இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தரலாம். உனக்கு வெற்றி வாய்ப்பு எவ்வளவு, பின்விளைவு என்ன என்று உட்கார்த்திவைத்து விளக்கிச் சொல்வதும் அவர்கள் கடமை. அதைச் செய்யாமல் போனில் சலுகை பேசுகிற ஆளை வைத்துவிடச் சொல். டோனர் முட்டை தப்பான வழி இல்லை, பலருக்கு அதுதான் சரியான வழி. உன் கையில் இன்னும் ஒரு கரு இருக்கும்போது அந்தப் பேச்சுக்கு அவசரம் இல்லை.

செப்டம்பர் 19

மாத்திரைகளை டாக்டர் நிறுத்தச் சொன்ன பிறகு நிறுத்து. சில நாளில் விலக்கு வரும், வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போகலாம். டிஎஸ்எச் ஒரு முறை பார்த்துக்கொள், ஊசி நாட்களில் ஈஸ்ட்ரோஜன் கூடும்போது அது கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஏஎம்எச் திரும்ப எடுக்க வேண்டாம், அந்தக் காசுக்கு மீன் வாங்கிச் சாப்பிடு. இரண்டாம் நாள் ஸ்கேனுக்குப் போகும்போது வீட்டுக்காரரையும் உள்ளே கூட்டிப் போ. போன முறை மாதிரி உக்கடம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்று நான் சொன்னதாகவே சொல்.